நின்றே கிடக்கும் பழைய லோடு வண்டிக்கு எந்த ஆயில்?



நம் மூலக்குளம் வட்டாரத்தில் கடை நடத்துவோர் பலரிடம் சொந்தமாக ஒரு லோடு வண்டி உண்டு. 1986-ல் அறிமுகமான டாடா 407, அதற்கடுத்து வந்த டாடா 207, மஹிந்திரா பிக்கப், 2005-ல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயரெடுத்த டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் என்று வண்டி எதுவானாலும், பத்துப் பதினைந்து வயதைக் கடந்தவை நிறைய. விடியற்காலை பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு நடை. மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் பார்சல் எடுக்க வாரத்தில் இரண்டு நடை. ரெட்டியார்பாளையம், வில்லியனூர் பக்கம் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு இறக்க ஒரு சுற்று. மற்ற நேரமெல்லாம் வண்டி கடை ஓரத்தில் நிழல் பார்த்து நிற்கும்.

கணக்குப் போட்டால் நாளொன்றுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு கிலோமீட்டர். ஆண்டில் 300 நாள் ஓடினாலும் 3,000 முதல் 3,600 கிலோமீட்டர்தான். ‘பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுக’ என்று எங்கோ படித்ததை மட்டும் நம்பியிருந்தால், ஒரு ஆயில் மூன்று ஆண்டுகள் இன்ஜினுக்குள் கிடக்கும். நாமும் ‘வண்டிதான் ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும்?’ என்று திருப்தியாக இருந்துவிடுகிறோம். அந்தத் திருப்தி எவ்வளவு செலவு வைக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எனக்கு நேர்ந்தது

மளிகை மொத்த வியாபாரம் செய்பவன் நான். 2006-ஆம் ஆண்டு மாடல் டீசல் வண்டி ஒன்றைப் பதினாறு ஆண்டுகள் வைத்திருந்தும் மீட்டரில் அறுபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ‘புது வண்டி மாதிரி’ என்று நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். 2019 கடைசியில் ஆயில் மாற்றினேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வண்டி மாதக்கணக்கில் நின்றது. அதற்குப் பிறகு கம்பெனி வண்டிகளே சரக்கைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகத் தொடங்கியதால், என் வண்டி காலையில் ஒரு நடை போய் வருவதோடு சரி. கேஜ் குச்சியில் ஆயில் அளவு குறையவில்லை. அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

2022 தீபாவளிக்கு மூன்று நாள் முன், முழு லோடுடன் வரும்போது ஆயில் விளக்கு மினுக்கியது. ‘ஒயரிங் கோளாறாக இருக்கும்’ என்று ஓட்டிக்கொண்டு வந்தோம். அரை கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இன்ஜினுக்குள் சுத்தியால் அடிப்பதுபோலச் சத்தம். வருடத்தின் மிகப் பெரிய வியாபாரத்தை வாடகை வண்டி வைத்துச் சமாளித்தேன்.

மெக்கானிக் ஆயில் சேம்பரைக் கழற்றிக் காட்டியபோது, அடியில் கிரீஸ் போலக் கருப்பாகச் சேறு அப்பியிருந்தது. ஆயில் பம்பின் சல்லடை பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பேரிங் மேல்பூச்சு அரித்துப்போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. “ஓடித் தேயல அண்ணே, நின்னே கெட்டுப்போச்சு” என்றார் அவர். கிராங்க் கடைசல், பேரிங், ரிங், பம்ப், கூலி என்று பில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. குறை வண்டியில் இல்லை, ஆயிலிலும் இல்லை, என்னிடம்தான் இருந்தது.

அதன் பிறகுதான் வண்டியின் கையேட்டை முதல்முறையாக முழுதும் படித்தேன். விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டேன். தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்குப் பயன்படும் வகையில் கீழே தொகுத்திருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நான் பேசுவது அதுவல்ல. வண்டி மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற ஓட்டக் கணக்கைப் பற்றித்தான்.

ஓடாத வண்டியில் ஆயில் ஏன் கெடுகிறது?

டீசல் எரியும்போது புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் பிஸ்டன் ரிங்கைக் கடந்து ஆயில் சேம்பருக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி, முக்கால் மணி ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். மூலக்குளத்திலிருந்து மார்க்கெட்டுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போய் இன்ஜினை நிறுத்தினால் அது போகாது. டேஷ்போர்டில் தண்ணீர் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடேற மேலும் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, இன்ஜின் குளிர்ந்த நிலையில் டீசல் முழுதாக எரிவதில்லை. எரியாத டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது.

மூன்றாவது, எரிவதால் உண்டாகும் அமிலங்கள். இவை தண்ணீரோடு சேர்ந்தால் பேரிங்கை அரிக்கும். இதைத் தடுக்கத்தான் நல்ல ஆயிலில் காரச்சத்துள்ள மருந்துகளைச் சேர்க்கிறார்கள். அந்த மருந்து செலவாகிக்கொண்டே வரும். கரியும் ஈரமும் எரியாத டீசலும் ஒன்று சேர்ந்தால், சேம்பரில் சேறு கட்டத் தொடங்கும்.

நான்காவது, நம் ஊரின் கடற்காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும் இன்ஜின், வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாள்தோறும் விழுப்புரம் போய்வரும் வண்டியின் ஆயிலைவிட, நாள்தோறும் மார்க்கெட் மட்டும் போய்வரும் வண்டியின் ஆயில் சீக்கிரம் கெடுகிறது. ஓட்டம் குறைவு என்பது இன்ஜினுக்கு ஓய்வு அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

கேன் மேல் உள்ள எண்

ஆயில் கேனில் ‘15 டபிள்யூ 40’, ‘20 டபிள்யூ 40’, ‘20 டபிள்யூ 50’ என்றெல்லாம் இருக்கும். இது எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் வகுத்த தடிமன் அளவு. தரத்தைச் சொல்லும் எண் அல்ல. 50 என்று போட்டிருப்பதால் 40-ஐவிட உயர்ந்தது என்று பலர் நினைப்பது தவறு.

கடைசியில் உள்ள எண், இன்ஜின் சூடாக ஓடும்போது, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. 30 என்றால் மெல்லியது, 40 நடுத்தரம், 50 கெட்டி. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண், உறைபனிக் குளிரில் ஆயில் எந்த அளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டும். 20 டபிள்யூ ஆயிலைச் சோதிக்கும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி. 15 டபிள்யூ ஆயிலுக்குக் கீழே 20 டிகிரி.

‘புதுச்சேரியில் மார்கழியிலும் இருபது டிகிரி இருக்கிறதே, நமக்கு எதற்கு இந்த எண்?’ என்று கேட்கலாம். உறைபனி நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நின்று கிடந்த இன்ஜினை விடியற்காலை செல்ஃப் எடுக்கும்போது, மேலே உள்ள பாகங்களில் ஆயில் வழிந்து இறங்கிப் போயிருக்கும். ஆயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறதோ அவ்வளவு தேய்மானம் குறையும். அந்த வகையில் 15 டபிள்யூ ஆயில், 20 டபிள்யூ ஆயிலைவிடச் சற்று முந்தி ஏறும். அடிக்கடி எடுத்து நிறுத்தும் வண்டிக்கு இது சிறிய லாபம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் கிடைக்கும் லாபம்.

இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும்

தரத்தைச் சொல்வது வேறொரு குறியீடு. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த குறியீடு இது. ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, ‘சி’ என்று தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கு. சில கேன்களில் இரண்டும் இருக்கும். டீசல் வண்டிக்கு ‘சி’ கட்டாயம் இருக்க வேண்டும். பெட்ரோல் காருக்கு வாங்கி மீந்ததை டீசல் வண்டியில் ஊற்றுவது முதலுக்கே மோசம்.

டீசல் வரிசையில் சி.எஃப்-4 என்பது 1990-ல் வந்தது. சி.எச்-4 1998-லும், சி.ஐ-4 2002-லும், சி.ஜே-4 2006-லும், சி.கே-4 2016-லும் வந்தன. இந்த வரிசையில் பின்னால் வந்தது பொதுவாக முன்னால் வந்ததன் வேலையையும் செய்யும். கையேட்டில் சி.எஃப்-4 என்று இருந்தால், இன்று கடையில் கிடைக்கும் சி.எச்-4 அல்லது சி.ஐ-4 தாராளமாக ஊற்றலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது. அதாவது சி.ஐ-4 கேட்கும் வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று சி.எஃப்-4 ஊற்றக் கூடாது. 2016-ல் சி.கே-4 உடன் எஃப்.ஏ-4 என்றொரு வகையும் வந்தது. அது சில புதிய இன்ஜின்களுக்கான மெல்லிய ஆயில். நம் பழைய வண்டிகளுக்கு அது வேண்டாம்.

எந்த வண்டிக்கு எது?

கையேடு சொல்வதுதான் முதல் வேதம். கையேடு தொலைந்து போனவர்கள் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் வண்டி மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்டால் விவரம் கிடைக்கும். பொதுவான வழிகாட்டி இதுதான்:

1. டர்போ இல்லாத பழைய டீசல் இன்ஜின்கள். 2000-க்கு முந்தைய வண்டிகள் பலவும், தொடக்க கால டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் இன்ஜினும் இவ்வகையே. இவற்றுக்கு 15 டபிள்யூ 40 அல்லது 20 டபிள்யூ 40, சி.எஃப்-4 அல்லது அதற்கு மேல். இந்த இடத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சுவையான செய்தி. மஹிந்திரா தன் ஜீப் வகை வண்டிகளில் ஒரு காலத்தில் பொருத்திய டீசல் இன்ஜின், பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனியின் உரிமம் பெற்றுச் செய்தது. அப்படிப்பட்ட பழைய வண்டி இன்னும் யாரிடமாவது இருந்தால் அதுவும் இந்த வகைதான்.

2. டர்போ வைத்த டீசல் இன்ஜின்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அது நிற்பதே ஆயில் படலத்தின் மேல்தான். இவற்றுக்கு 15 டபிள்யூ 40, சி.எச்-4 அல்லது சி.ஐ-4. இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

3. காமன் ரெயில் இன்ஜின்கள். நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 கட்டாயமானது 2017 ஏப்ரலில். அந்தக் கால வண்டிகளில் புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாடு இருப்பதால் ஆயிலில் கரி அதிகம் சேரும். கையேடு கேட்கும் தரத்துக்குக் குறைந்ததை ஊற்றக் கூடாது. பெரும்பாலும் சி.ஐ-4 அல்லது அதற்கு மேல்.

4. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகள். இவை பழைய வண்டிகள் அல்ல என்றாலும், இரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கிய கேனை இதில் சாய்த்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். கடையில் இரண்டு கேனும் இருந்தால் மேலே வண்டி எண்ணைப் பெயின்டால் எழுதி வைத்துவிடுங்கள்.

பழைய வண்டிக்குக் கெட்டி ஆயிலா?

‘வண்டி பழசாகிவிட்டது, 20 டபிள்யூ 50 ஊற்றுங்கள்’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இது பாதி உண்மை. மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடி, போரும் ரிங்கும் தேய்ந்து, நீலப்புகை தள்ளி ஆயில் குடிக்கிற இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும். அதுவும் ரிப்பேருக்குப் பணம் சேரும் வரைதான்.

நம் வண்டியோ வயதில் பழையது, ஓட்டத்தில் புதியது. உள்ளே உள்ள இடைவெளிகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. அதற்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் மேலே ஏறத் தாமதமாகும், டீசல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். வேறு லாபம் இல்லை. கையேட்டில் 15 டபிள்யூ 40 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். வயதைப் பார்த்து ஆயிலைக் கெட்டியாக்காதீர்கள். ஆயில் குடிக்கிறதா, புகை வருகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டிகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர் சீல்கள்தான். நின்று நின்று அவை விறைத்துப்போய்க் கசியும். கசிவைக் கெட்டி ஆயிலால் அடைக்க நினைப்பதைவிட சீலையே மாற்றிவிடுவது மலிவு.

சிந்தெடிக் வாங்கலாமா?

செயற்கை ஆயில் எனப்படும் சிந்தெடிக், சூட்டையும் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும் என்பதில் சந்தேகமில்லை. நெடுந்தூரம் முழு லோடுடன் ஓடும் வண்டிக்கு அதன் விலைக்கு ஏற்ற பலன் உண்டு. குறைந்த ஓட்டத்தில் ஆயிலைக் கெடுப்பது சூடு அல்ல. தண்ணீரும் டீசலும் கரியும்தான். அவை சிந்தெடிக் ஆயிலிலும் அதே அளவு கலக்கும். ‘விலை கூடுதல், ஆகவே மூன்று வருடம் தாங்கும்’ என்று விட்டுவைத்தால் சேறு கட்டத்தான் செய்யும். நம் பழைய வண்டிக்கு நல்ல கம்பெனியின் சாதாரண மினரல் ஆயிலே போதும். மிச்சமாகும் பணத்தில் ஆயிலை அடிக்கடி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

பல ஆண்டு மாற்றாமல் விட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புது ஆயிலில் உள்ள கழுவும் மருந்து, உள்ளே அப்பியிருக்கும் பழைய அழுக்கைக் கரைத்து இறக்கும். அந்த அழுக்கு ஃபில்டரை அடைக்கலாம். ஆகவே முதல் தடவை மாற்றிய ஆயிலை ஐந்நூறு முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஃபில்டரோடு மறுபடியும் மாற்றிவிடுங்கள். ‘ஃப்ளஷ்’ என்று சொல்லி ஒரேயடியாகக் கழுவும் திரவங்களை இப்படிப்பட்ட இன்ஜினில் ஊற்ற வேண்டாம். கட்டியாகப் பெயர்ந்த அழுக்கு சல்லடையில் போய் உட்கார்ந்தால், அழுக்கே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும்.

எப்போது மாற்றுவது?

கையேட்டைக் கவனமாகப் பார்த்தால் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியோ அது’ என்று இருக்கும். நாம் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். குறைந்த ஓட்ட வண்டிக்கு மாதக் கணக்குதான் கணக்கு.

மிகக் குறைந்த தூரம் மட்டும் போய்வரும் வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வாரத்தில் ஒரு நாளாவது நெடுந்தூரம் ஓடும் வண்டியானால் ஆண்டுக்கு ஒருமுறை போதும், கையேடு அதைவிடக் குறைந்த காலம் சொல்லாதிருந்தால். வண்டி ஓடாமல் நின்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதை விடக் கூடாது. ஆயிலோடு ஃபில்டரும் மாற வேண்டும். ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது, குளித்துவிட்டு அழுக்குத் துணியையே உடுத்துவது போலத்தான்.

நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன். தை மாதம் ஒன்று, ஆடி மாதம் ஒன்று. இரண்டுக்கும் இடையே சரியாக ஆறு மாதம். மழைக்காலம் சேர்த்த ஈரத்தோடு பழைய ஆயில் தையில் வெளியேறும். கோடையின் சூட்டில் உழைத்தது ஆடியில் வெளியேறும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவர்கள் தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மெக்கானிக்குகள் ‘அந்தக் காலத்தில் மூவாயிரத்துக்கே மாற்றுவோம்’ என்பார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1996-க்கு முன் நம் நாட்டு டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை, அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு வரை இருக்கலாம் என்று அனுமதி. 2020 ஏப்ரல் முதல் அது வெறும் பத்துப் பங்கு. கந்தகத்தால் வரும் அமிலத் தொல்லை இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் தண்ணீர்த் தொல்லை குறையவில்லை. எனவே கிலோமீட்டரைக் கூட்டலாம்; மாதங்களைக் கூட்ட முடியாது.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலையாக இருக்கட்டும், வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் அரை மணி நேரம் போய்த் திரும்புங்கள். ஆயில் முழுச் சூடேறி ஈரம் வெளியேறும். பேட்டரியும் சார்ஜ் ஆகும். கடை வாசலிலேயே ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்துவது இதற்கு மாற்று ஆகாது. அது ஈரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. நின்று கிடந்த வண்டியை எடுத்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஆயில் விளக்கு அணைந்த பின் அரை நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள்.

கேஜ் குச்சி சொல்லும் சேதி

வாரம் ஒருமுறை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கேஜ் குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்.

அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் நல்லது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று பொருள். என் வண்டியில் அளவு குறையாததை நல்ல அறிகுறி என்று நினைத்தேன். குறைந்த ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பியிருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

ஆயில் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நாளிலேயே கருத்துவிடும். கரியைத் தன்னோடு வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைதான். மோர் போல வெளுத்துக் குழம்பியிருந்தால்தான் கவலை. மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் அது ஈரம். நெடுந்தூரம் ஓட்டினால் போகும். குச்சியிலேயே வெளுப்பாக வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். என்னைப் போல அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது

வியாபாரிகளான நமக்குப் பொருள் வாங்கத் தெரியாதா என்ன? ஆனாலும் ஆயிலில் ஏமாந்துவிடுகிறோம். இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மாக், எச்.பி., காஸ்ட்ரால், கல்ஃப் என்று எந்தக் கம்பெனியானாலும் மேற்சொன்ன எண்ணும் எழுத்தும் பொருந்தினால் போதும். கம்பெனிக்குக் கம்பெனி சண்டை போடத் தேவையில்லை. சண்டை போட வேண்டியது போலியோடுதான்.

பழைய கேனில் கழிவு ஆயிலை வடிகட்டி நிரப்பி விற்கும் கூட்டம் எங்கும் உண்டு. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, மூடிக்கு அடியில் தகடு ஒட்டியிருக்கிறதா, தயாரித்த மாதமும் ஆண்டும், பேட்ச் எண்ணும், அதிகபட்ச விலையும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில்லறையாக டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் ஆயில் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ஊற்றினால் உங்கள் கண் முன்னே கேனைத் திறக்கச் சொல்லுங்கள். காலிக் கேனில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டே எறியுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேனே நாளை நம்மிடம் திரும்பி வரும்.

பில் கேட்டு வாங்குங்கள். சரக்கு ஏற்றும் வண்டிக்கு வாங்கும் ஆயிலுக்கும், அதன் ரிப்பேருக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை, காம்போசிஷன் முறையில் இல்லாத பதிவு பெற்ற வியாபாரிகள் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். பயணிகள் காருக்கு உள்ள தடை லோடு வண்டிக்கு இல்லை. பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் பகுதியின் வாய்க்கால்களிலும் குளத்திலும் அது போய்ச் சேரும். நாம் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிக்கொண்டால் நமக்கு அந்தக் கவலையும் இல்லை.

லாப நஷ்டக் கணக்கு

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு 5,000 ரூபாய். மாதத்துக்கு 420 ரூபாய்கூட ஆகவில்லை. நான் மூன்று ஆண்டுகளில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது 15,000 ரூபாய். கொடுத்தது நாற்பதாயிரத்துக்கு மேல், அதோடு தீபாவளிக்கு வாடகை வண்டி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான்.

இன்று புது லோடு வண்டி வாங்குவது எவ்வளவு கடன், எத்தனை தவணை என்று எல்லோருக்கும் தெரியும். கடன் முடிந்த பழைய வண்டி ஒன்று வாசலில் நிற்பது சிறு வியாபாரிக்குப் பெரிய பலம். ஓட்டம் குறைந்த வண்டியானால் இன்னும் பத்து ஆண்டு உழைக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

சுருக்கமாக:

1. கையேடு சொல்லும் எண்ணையே வாங்குங்கள். பெரும்பாலான பழைய டீசல் லோடு வண்டிகளுக்கு 15 டபிள்யூ 40 பொருந்தும்.

2. கேனில் ‘சி’ எழுத்து இருக்கட்டும். கையேடு கேட்கும் தரம் அல்லது அதற்கு மேல்.

3. வயதைப் பார்த்துக் கெட்டி ஆயிலுக்குத் தாவாதீர்கள்.

4. கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதத்தைப் பாருங்கள். தையில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஃபில்டரோடு.

5. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை கேஜ் குச்சியைப் பாருங்கள்.

6. சீல், தேதி, பில் மூன்றும் சரிபாருங்கள்.

ஆயில் மாற்றிய தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி வண்டியின் கதவு ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். என் வண்டியில் இப்போது அந்த அட்டை இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. 2022-க்குப் பிறகு வந்த தீபாவளிகளில் சரக்கு இறக்கியது அதே வண்டிதான்.